ஆயுள் தொண்ணூற்றேழு சதவீதம்

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அதற்கு நான் பொறுப்பில்லை, கட்டியவரைக் கேளுங்கள். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் நான் குனிந்து தேடுகிறேன். ஆகவே, "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று யாரும் கேட்க வேண்டாம். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் சுவருக்குக் கிடையாது. காதெல்லாம் என்னுடையதுதான்.

பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரு வைத்த பெயர் 'கவனிக்கவும்'. பேருந்து நிலையத்தில் இருபத்தாறு வருடம் அறிவிப்பாளராக இருந்தவர். "பயணிகள் கவனிக்கவும்" என்று அவர் ஆரம்பித்தால் அழுகிற குழந்தைகூட ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுக் கவனிக்கும். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்பதை ஏதோ நல்ல சேதிபோலச் சொல்வார். கேட்டவர்கள் கோபப்பட மறந்து இன்னொரு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவர் மனைவி மருந்துக்கடையில் சரக்கிருப்பு பார்க்கிறவர். மாத்திரை அட்டையின் முதுகில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருக்குமே காலாவதித் தேதி, அதைக் கண்ணாடி போடாமல் படிப்பார். நான் அவரை அக்கா என்பேன்.

போன வருடம் கவனிக்கவுமின் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால் உயிர் இருக்கும், குரல் இருக்காது என்றார்கள். மருத்துவமனையில் இருந்த பேச்சுப் பயிற்சியாளர் ஒரு வழி சொன்னார். அறுவைக்கு முன்பே அவர் குரலில் வாக்கியங்களைப் பதிந்துகொண்டு வந்தால், புண் ஆறிய பிறகு கையடக்கமான ஒரு கருவியில் ஏற்றித் தருவார்களாம். பொத்தானைத் தொட்டால் அவர் குரலிலேயே பேசுமாம்.

பத்தொன்பது நாள் வீட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்து பதிந்தார். மூவாயிரத்து நூறு வாக்கியம். அத்தனையையும் நானும் கேட்டேன். "தண்ணீர் வேண்டும்." "ஜன்னலைத் திற." "சாப்பாட்டில் உப்பு போதவில்லை." "பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்." இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான்கு தடவை பதிந்தார், நான்கு தடவையும் சுவர்ப் பக்கம் திரும்பி. முடிவு நாளன்று குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். அக்காவின் பெயர் கேட்டது, மீதி கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை என்றால் எவ்வளவு தாழ்த்தியிருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணினியில் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பழையது நேர்மையான சாதி. உள்ளே தட்டு சுழலும், முனகும், சாவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே டக்டக்கென்று அடித்துக்கொண்டு ஊரைக் கூட்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழல ஒன்றுமில்லை. விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பலகை, அதன்மேல் நாலு கறுப்புச் சில்லு, ஒரு ஸ்டிக்கர். வந்த பெட்டியின்மேல் தங்க எழுத்தில் போட்டிருந்தது: "ஆயுட்கால உத்தரவாதம். இனிக் கவலை எதற்கு?" வாங்கிய அன்றே கவனிக்கவும் கம்பெனிக்குப் போன் போட்டு, அவர்கள் சொல்லச் சொன்ன ஒரு வரியைத் தன் வெண்கலக் குரலில் சொல்லி, உத்தரவாதத்தைப் பதிவு செய்தார். அந்த வரி பிற்பாடு வரும்.

அறுவை முடிந்தது. புண் ஆறியது. அடுத்த திங்கள்கிழமை பதிவுகளைக் கொண்டுவாருங்கள் என்றார் பயிற்சியாளர். வியாழக்கிழமை காலை கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையில் ஒரே வரி: சேமிப்பகம் எதுவும் காணப்படவில்லை. முனகல் இல்லை, டக்டக் இல்லை. புதன்கிழமை நன்றாக இருந்தது, வியாழக்கிழமை இல்லை.

"இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கலாமே" என்று நீங்கள் சொல்வது எனக்கும் கேட்கிறது. தெருவில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருத்தர் வீட்டிலும் பிரதி இல்லை.

தெருமுனையில் ஈயம் பற்றவைக்கும் சூடுகோலும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்காரர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள இருக்கறது உள்ளயேதான் இருக்கும்கா. கரண்ட் போற வழியில ஏதோ பாகம் கருகியிருக்கும்னு நினைக்கிறேன். மாத்தினா எழுந்துக்க வாய்ப்பிருக்கு. ஆனா இந்த ஸ்டிக்கரைக் கிழிக்கணும். கிழிச்சா உத்தரவாதம் போயிடும். எதுக்கும் கம்பெனில ஒரு வார்த்தை கேட்டுடுங்க. முடியாதுன்னா திருப்பி வாங்கிட்டு வாங்க."

"திருப்பிக் குடுப்பாங்கல்ல?"

"உங்க பொருள்தானேக்கா."

இந்த ஒரு வார்த்தைக்காக அவர் இன்றுவரை தலையில் அடித்துக்கொள்கிறார்.

கம்பெனியின் சேவை நிலையத்துக்கு 'நம்பகத்தன்மை மையம்' என்று பெயர். அக்காவுக்குத் துணையாக நான் போனேன். அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்க்கும் ஆசை இரண்டாவது காரணம். சரி, முதல் காரணம். தரையோடு திருகி வைத்த நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் மடியில் உறையோடு ஒருத்தர், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கிறவர்போல. சுவரில் பெரிய பலகை: "இங்கே தவிர்க்க வேண்டிய சொற்கள்: செத்தது, போய்விட்டது, கெட்டது, எரிந்தது. பயன்படுத்த வேண்டிய சொல்: ஓய்வில் உள்ளது."

கவுன்ட்டர் பெண் சிரித்த முகமாகக் கேட்டாள். "வணக்கம்மா. உங்க சேமிப்பகம் எப்படி இருக்கு?"

"செத்துப்போச்சும்மா."

அவள் பேனாவால் பலகையைக் காட்டினாள்.

"ஓய்வுல இருக்கு" என்றார் அக்கா.

"எத்தனை நாளா ஓய்வெடுக்குது?"

"வியாழக்கிழமையிலேருந்து."

"நல்லா ஓய்வெடுக்கட்டும். இந்தப் படிவத்தை நிரப்பிக் குடுங்க."

படிவத்தில் 'பிரச்சினை' என்ற கட்டம், நாலைந்து சொல் கொள்ளும். அக்காவுக்கு எது பிரச்சினையோ அதை எழுதினார்: "என் கணவரின் குரல் போய்விட்டது." கவுன்ட்டர் பெண் 'போய்விட்டது' என்பதை அடித்துவிட்டு மேலே 'ஓய்வில் உள்ளது' என்று திருத்தினாள். எஸ்.எஸ்.டி.யை ஓர் உறையில் போட்டு ஒட்டி, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தாள். ரசீதின் அடியில், அக்காவின் கண்ணுக்கு மட்டுமே எட்டுகிற எழுத்தில், "முப்பதாம் நாள் தகவல் பாதுகாப்பு நடவடிக்கை" என்று இருந்தது.

"அப்படின்னா என்ன?"

"உங்க தகவலை வேற யாரும் எடுத்துடாம இருக்க, முப்பதாவது நாள் இயந்திரத்துல போட்டு அரைச்சிடுவோம்."

"நானும் எடுக்க முடியாதே."

"ஆமாம்மா. அவ்வளவு பாதுகாப்பு."

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. படிவத்தில் 'குரல்' என்று இருந்ததால் ஒலிப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடிதத்தை அக்கா வாசிக்க, சுவர் வழியாக நானும் வாசித்தேன். "தங்கள் சேமிப்பகம் நாற்பத்தெட்டு மணி நேரம் உன்னிப்பாகக் கேட்கப்பட்டது. அதிலிருந்து எவ்வித ஒலியும் எழவில்லை. இது குறையன்று, இப்பொருளின் சிறப்பம்சமாகும். தங்கள் சேமிப்பகம் முதல் வகுப்பில் தேறியுள்ளது. வாழ்த்துகள்."

அடுத்த நாளே போனோம். இந்தத் தடவை எங்களை 'ஆயுள் மதிப்பீட்டாளர்' என்ற ஒருவரிடம் அனுப்பினார்கள். மெல்லிய கண்ணாடி, மெல்லிய விரல், மெல்லிய பேச்சு. திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பச்சை வட்டத்துக்குள் எழுதியிருந்தது: ஆயுள் 97 சதவீதம். நலம்.

"இந்த மாதிரி ஆரோக்கியத்தை நான் மனுஷங்ககிட்டகூடப் பார்த்ததில்லைம்மா."

"இது எப்ப எடுத்த கணக்கு சார்?"

"உங்க கம்ப்யூட்டர் கடைசியா ஓடின அன்னிக்கு, புதன்கிழமை, சேமிப்பகம் தானே அனுப்பினது. சில்லுல எழுதி எழுதித் தேயற தேய்மானத்தை வச்சு ஆயுளைச் சொல்லும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எந்தப் புகாரும் அனுப்பலை. எங்க விதிப்படி, சேமிப்பகம் பழுதாயிடுச்சுன்னா சேமிப்பகமே தகவல் குடுக்கணும்."

"செத்தவங்க கடுதாசி போட மாட்டாங்க சார்."

அவர் வலியோடு கண்ணை மூடினார், அந்தச் சொல் வெளியே போகும்வரை. பிறகு சொன்னார்: "மூணு சதவீதம்தான்மா தேஞ்சிருக்கு. மீதி தொண்ணூத்தேழை வச்சுக்கிட்டு அது எப்படி... ஓய்வெடுக்க முடியும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

அக்கா யோசித்துப் பார்த்தார். "பஸ்ல அடிபட்டவன் செருப்பு மூணு சதவீதம்தான் தேஞ்சிருந்துச்சுன்னா, ஆள் பொழைச்சுக்குவானா?"

மதிப்பீட்டாளர் மணியை அழுத்தி அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

மூன்றாவது தடவை நாங்கள் போனது பதினெட்டாம் நாள். அன்று 'நம்பகத்தன்மை வாரம்' கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் இருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பலூன். மைய மேலாளர் மேடை ஏறினார். வாயில் வார்த்தை வழுக்கிக்கொண்டு வரும் ஆசாமி.

"அன்பான வாடிக்கையாளர்களே, பெருமையோடு சொல்கிறேன். எங்கள் சேமிப்பகங்களில் ஒன்றுகூட இதுவரை இறந்ததில்லை. ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் பதிவேட்டில் அதற்குக் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாத ஒன்றை எங்கள் ஊழியர்கள் எழுத மாட்டார்கள். அவ்வளவு ஒழுங்கு! எங்கள் சேமிப்பகத்தின் சராசரி உழைப்பு இருநூறு வருடம்."

மடியில் பிணத்தை வைத்துக்கொண்டு அறுபது பேர் கை தட்டினார்கள். பலூனைப் பிடித்திருந்ததால் சத்தம் குறைவாகவே வந்தது.

அக்கா எழுந்தார். "கம்பெனி தொடங்கி ஒன்பது வருஷம்னு வாசல்ல எழுதியிருக்கு. இருநூறு வருஷத்தை எப்படிப் பார்த்தீங்க?"

மேலாளர் மகிழ்ந்தே போனார். "அருமையான கேள்வி. இரண்டாயிரத்து நானூறு சேமிப்பகத்தை ஒரு மாதம் ஓடவிட்டோம். ஒன்றுதான் ஓய்வுக்குப் போனது. இரண்டாயிரத்து நானூறு மாதத்துக்கு ஒன்று. பன்னிரண்டால் வகுத்தால் இருநூறு வருடம்."

"அப்போ பள்ளிக்கூடத்துப் பசங்க இரண்டாயிரத்து நானூறு பேர்ல ஒரு மாசத்துக்கு ஒரு பையன் செத்தா, மனுஷ ஆயுசு இருநூறு வருஷமா?"

"கணக்கு சரிதான்" என்றார் மேலாளர். "ஆனால் பையன்களுக்கு நாங்கள் உத்தரவாதம் தருவதில்லை."

அக்கா கைப்பையிலிருந்து பெட்டியின் அட்டையை எடுத்தார். "இதுல போட்டிருக்கே, ஆயுட்கால உத்தரவாதம்னு. அதைக் குடுங்க."

"யாருடைய ஆயுட்காலம் என்று பார்த்தீர்களா?"

"என் வீட்டுக்காரர் நல்லா இருக்கார்."

"அவர் நீடூழி வாழட்டும். இது பொருளின் ஆயுட்காலம். பொருள் வாழ்கிறவரை உத்தரவாதமும் வாழும். உங்களுடையது வாழ்கிறது, தொண்ணூற்றேழு சதவீதம். ஆகவே பழுது பார்க்க எதுவுமில்லை. ஒருவேளை அது வாழவில்லை என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால், அந்த நிமிடமே ஆயுட்காலம் முடிகிறது. உத்தரவாதமும் முடிகிறது. உங்கள் நன்மைக்காகத்தான் எழுதாமல் இருக்கிறோம்."

அக்கா கையிலிருந்த பலூனைத் தரையில் வைத்து மிதித்தார். அறுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கட்டடத்தில் அன்று கேட்ட ஒரே உண்மையான சத்தம் அதுதான்.

"உங்க உத்தரவாதம் வேண்டாம்" என்றார். "என் பொருளைக் குடுங்க. நான் வெளியில பார்த்துக்கறேன்."

"தாராளமாக" என்றார் மேலாளர். "உரிமையாளர் வந்து குரலால் சம்மதம் சொன்னால் போதும்."

உரிமையாளர் கவனிக்கவும். அவர் பேரில்தான் பதிவு. அவரிடம் எழுதிக் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று அக்கா சொன்னதற்கு, கையெழுத்தை எவன் வேண்டுமானாலும் போடுவான், குரலைப் போட முடியாது என்றார்கள். மருத்துவச் சான்றிதழைக் காட்டியதற்கு, அது தொண்டைக்குத்தான் சான்று, சேமிப்பகத்துக்கு இல்லை என்றார்கள். நேரில் வர நேரம் குறித்துக் கொடுத்தார்கள். இருபத்தைந்தாம் நாள், காலை பதினொன்று.

அன்று வீட்டிலிருந்து கிளம்பும்போது நான் அக்காவிடம் ஒன்று சொன்னேன். "ஆபீசுக்குள்ள நுழையும்போதே போன்ல ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டுப் பையில போட்டுக்கோக்கா. அவங்க பேசறது பின்னால உதவும்." எனக்கு அது பழக்கம். நல்ல பழக்கம் என்று சொல்ல மாட்டேன்.

கவனிக்கவும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கழுத்தில் மூச்சுத் துளையை மறைத்து வெள்ளைத் துணி. கையில் குறிப்பு நோட்டு. குரல் சரிபார்ப்பு அறைக்குள் ஒரு பெண், ஒரு மேசை, ஒரு மைக். இருபத்தாறு வருடம் மைக்குக்கு எதிரில் உட்கார்ந்தவர், பழக்கத்தில் அதைத் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க பதிவு செஞ்ச வரியை அப்படியே சொல்லணும். மறந்திருந்தா நினைவுபடுத்தறேன்" என்று அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள்.

அறை நிறைய அந்தக் குரல் வந்தது. "என் குரலே என் கையொப்பம்."

நான் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். கவனிக்கவும் தலை நிமிர்த்தி, யாரோ தன்னைக் கூப்பிட்டதுபோல் கதவைப் பார்த்தார்.

"இப்ப நீங்க சொல்லுங்க ஐயா."

அவர் வாயைத் திறந்தார். உதடு வரி முழுவதையும் சொன்னது. கழுத்துத் துணி மட்டும் லேசாக எழுந்து அடங்கியது.

"கொஞ்சம் சத்தமா."

"அம்மா" என்றார் அக்கா, "அவர் குரல் அந்த டிரைவுக்குள்ளதான் இருக்கு. அதைக் குடுத்தா அவர் சொல்லுவார்."

"சொன்னாத்தான்மா குடுக்க முடியும்."

"சரி, இப்பப் போட்டீங்களே, அந்த ஒரு வரியையாவது எனக்குக் குடுங்க."

"அது கம்பெனி சொத்தும்மா."

அக்கா வெளியே போனார். தாழ்வாரத்தில் பையிலிருந்து போனை எடுத்தார். திரும்பி வந்து மைக்குக்கு எதிரில் நீட்டினார். பையின் துணி உரசும் சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது: "என் குரலே என் கையொப்பம்." இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பொருத்தம் நூறு சதவீதம்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. "நூறு வரக்கூடாதும்மா. எந்த மனுஷனும் ஒரே வரியை ரெண்டு தடவை ஒரே மாதிரி சொல்ல மாட்டான். எண்பத்தஞ்சுலேருந்து தொண்ணூத்தெட்டு வரைக்கும்தான் மனுஷக் குரல். நூறு வந்தா மோசடின்னு மறுபரிசீலனைக்குப் போகும். ஏழு வேலை நாள்."

"அரைக்கறது முப்பதாவது நாள்."

"அது வேற பிரிவும்மா."

கவனிக்கவும் நோட்டில் எழுதி அவள் முன்னால் வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா? "நான் உயிரோடு எதிரில் இருக்கிறேன்" என்று எழுதியிருந்தது. அவள் அதைக் கனிவாகப் படித்துவிட்டு, எழுத்து மூலமான விண்ணப்பங்கள் ஏற்கப்படுவதில்லை என்றாள்.

அக்கா அன்று போட்ட சத்தத்தை முழுதாக எழுதினால் அச்சேறாது. "காலாவதியான மாத்திரையைக் கைதவறிக் குடுத்தாக்கூட எங்க கடையை இழுத்து மூடுவாங்கடி. நீங்க ஒரு மனுஷன் வாயைப் பிடுங்கி உறையில போட்டு ஒட்டி வச்சிருக்கீங்க" என்பது அதில் மென்மையான பகுதி. காவலாளி எங்களை வாசல்வரை அழைத்துவந்து, "என்னோடதும் இங்கதான்கா இருக்கு, மக கல்யாண போட்டோ" என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

அதன்பின் அக்கா தினமும் போனார். இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு. இருபத்தொன்பதாம் நாள் ரிப்பேர்காரரும் சூடுகோலோடு வந்து வாசலில் உட்கார்ந்தார், இங்கேயே வைத்துப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்று. முப்பதாம் நாள் காலை பத்தரைக்கு அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது. "மகிழ்ச்சியான செய்தி! தங்கள் தகவல்கள் பாதுகாப்பாக அரைக்கப்பட்டன." பன்னிரண்டு மணிக்கு இன்னொன்று. "தங்கள் சேமிப்பகம் அரைக்கப்பட்டதால் அதன் ஆயுட்காலம் முடிவுற்றது. உத்தரவாதமும் முடிவுற்றது. எனினும் நல்லெண்ண அடிப்படையில் புதிய சேமிப்பகம் அனுப்பப்படுகிறது."

வந்தது. அதே பெட்டி, அதே தங்க எழுத்து. அக்கா பிரிக்கவில்லை. கடைக்கு எடுத்துப்போய், காலாவதிச் சரக்கைப் போடுகிற சிவப்புத் தொட்டியில் போட்டார்.

மூவாயிரத்து நூறு வாக்கியத்தில் மிஞ்சியது அதில் சேராத ஒன்று. பை உரசுகிற சத்தத்தோடு, அக்கா தன் போனிலிருந்து கவனிக்கவுமின் போனுக்கு மாற்றிக் கொடுத்த அந்தக் கம்பெனி வரி. பயிற்சியாளர் வேறு யாரோ ஒருவருடைய குரலைக் கருவியில் ஏற்றித் தருகிறேன் என்றாராம். கவனிக்கவும் நோட்டில் ஒரே சொல் எழுதினாராம்: வேண்டாம்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நாள் முழுக்க ஒரே வாக்கியம்தான் வருகிறது. "என் குரலே என் கையொப்பம்" என்று ஒரு தடவை வந்தால் தண்ணீர். இரண்டு தடவை வந்தால் ஜன்னல். சாப்பிடும் நேரத்தில் வந்தால் உப்பு. சத்தத்தை ரொம்பக் குறைத்து வைத்து எப்போதாவது ஒன்று வரும், அதற்கு அக்கா பதில் சொல்வதில்லை, ஆனால் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிடுவார். சுவர்ப் பக்கம் திரும்பிப் போட்டால் எனக்கு. டிவியைக் குறைத்துவிடுவேன்.

போன வாரம் கம்பெனியிலிருந்து அவர் போனுக்கு அழைப்பு வந்தது. அக்கா கடையில் இருந்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் தெளிவாகக் கேட்டது. இயந்திரப் பெண்ணின் குரல், தேன் மாதிரி.

"எங்கள் சேவையில் தங்களுக்கு நிறைவு என்றால் எதுவும் பேச வேண்டாம். குறை இருந்தால், பீப் ஒலிக்குப் பின் வாய் திறந்து சொல்லவும்."

பீப் ஒலித்தது.

அந்த ஒரு வரியும் அதே போனுக்குள்தான் இருக்கிறது. அழைப்பில் இருக்கும்போது அதை எப்படிப் போடுவது என்று அவருக்குத் தெரியாது. மேசையை மூன்று தடவை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு இன்னும் பலமாக, முஷ்டியால். ஏதோ பாத்திரம் உருண்டு விழுந்தது.

"நன்றி. தாங்கள் குறை எதுவும் சொல்லவில்லை. தங்கள் முழு நிறைவு பதிவு செய்யப்பட்டது."

அழைப்பு அறுந்தது. பிறகு சுவரை ஒட்டி, முழுச் சத்தத்தில் வர ஆரம்பித்தது. "என் குரலே என் கையொப்பம். என் குரலே என் கையொப்பம்." நான் எண்ணினேன். பதினொன்று.

என் டிவி காலையிலிருந்தே அணைந்துதான் இருந்தது.